பூட்டியவளே திறப்பாள்

போன வாரம் அந்த வீட்டில் கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தபோது கதையை நிறுத்தினோம். பாவம், ஒரு வாரமாக அடிக்கிறது. யார் கூப்பிடுகிறார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எடுக்க வேண்டியவள் மட்டும் கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

அவளை அண்ணி என்றே சொல்லிவிடலாம், தொழிற்சாலையிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பாட்டில் மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவள் ஃபிட்டர். அவளுடைய கொழுந்தன் அங்கே உற்பத்தி மேலாளர். மேலாளரே அண்ணி என்று கூப்பிட்டதால், அவளைவிட மூத்தவரான வாட்ச்மேன் உட்பட அத்தனை பேருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். பதிலுக்கு அவள் அவனைத் தம்பி என்று கூப்பிடப் போய், அவனுக்கும் 'தம்பி சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயர் அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

நாற்பதைத் தாண்டிய இந்த அண்ணி இப்போது அப்ரண்டிஸ். சிரிக்க வேண்டாம், அவள் மாமியார் எல்லோருக்கும் சேர்த்துச் சிரித்து முடித்துவிட்டார். அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் ஒரே தலைவலி. படித்து வருகிற இன்ஜினியர்கள் வேலை பழகியதும் பெரிய நகரத்துக்குப் பறந்துவிடுகிறார்கள். இருக்கிற ஃபிட்டர்களுக்கோ இரும்பு தெரிகிறது, இரும்புக்குள் உட்கார்ந்திருக்கும் கணினி தெரியவில்லை. அதனால் முதலாளிகளும் கல்லூரியும் கைகோத்து உயர்நிலைத் தொழிற்பயிற்சி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வாரத்தில் ஒரு நாள் கல்லூரி, மற்ற நாட்களில் வேலை. சம்பளம் குறையாது, கடைசிக் கட்டத்தைத் தாண்டினால் பட்டம்.

முதல் கட்டத்தை அண்ணி முடித்துவிட்டாள். பட்டத்துக்குப் போகிற அடுத்த கட்டத்தில் அவளைச் சேர்ப்பதா இல்லையா என்று முடிவு செய்யும் நேர்காணல் இன்றைக்குத்தான். கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பு அது. யார் வந்து கேட்டாலும் இதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

நேற்று மதியம் நடந்ததுதான் வில்லங்கம்.

மூடி வார்க்கும் இயந்திரத்துக்கு ஒரு கதவு உண்டு. கதவைத் திறந்தால் உள்ளே அச்சு சட்டென்று நின்றுவிட வேண்டும். அதற்கென்று கதவோரம் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. நேற்று அண்ணி போய்ப் பார்த்தபோது ஸ்விட்ச் செத்துக் கிடந்தது, இயந்திரம் மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கம்பித் துண்டை முறுக்கிக் கட்டி, கதவு மூடியே இருப்பதாக இயந்திரத்தை யாரோ ஏமாற்றியிருந்தார்கள். ஆபரேட்டர் சிட்டு, சின்ன உருவம் என்பதால் அந்தப் பெயர், எதுவும் தெரியாமல் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுச் சிக்கிய மூடிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அச்சு சாத்திக்கொண்டால் கை திரும்பி வராது.

அண்ணி மெயின் ஸ்விட்சை அணைத்து, தன் பூட்டை மாட்டிவிட்டாள். அந்தத் தொழிலில் ஒவ்வொரு ஃபிட்டருக்கும் சொந்தமாக ஒரு சிவப்புப் பூட்டு உண்டு, மேலே அவரவர் புகைப்படம் ஒட்டியிருக்கும். சாவி ஒன்றே ஒன்றுதான். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். மேலாளர் என்ன, முதலாளியே வந்தாலும் அடுத்தவர் பூட்டில் கை வைக்கக் கூடாது. சாவியைக் கழுத்தில் அடையாள அட்டையோடு கோத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பின்னலை முடித்துவிட்டு ஒரு வழியாகக் கைப்பேசியை எடுத்தாள். தொழிற்சாலையிலிருந்து கொழுந்தன்தான்.

"அண்ணி, சாவி எங்க?"

"எங்கிட்டதான் இருக்கு. ஸ்விட்ச் வந்துருச்சாப்பா?"

வரவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும், நாளைக்குத்தான் வரும் என்றான். ஆனால் லாரி இன்றைக்கே கிளம்ப வேண்டும். மூடி போகாவிட்டால் தண்ணீர் பாட்டில் கம்பெனிக்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான். கம்பி இருக்கிறபடியே இருக்கட்டும், இன்றைக்கு ஒரு நாள் ஓட்டிக்கொள்ளலாம், சிட்டுவைக் கையை விடாமல் இருக்கச் சொல்கிறேன் என்று கெஞ்சினான். அவன் கெஞ்சினால் அண்ணிக்கு மனசு கேட்காது. அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்திலிருந்து அவனுக்குப் பரிந்து பேசியே பழக்கப்பட்டவள் அவள். இருந்தாலும் முடியாது என்றாள்.

கெஞ்சல் பலிக்கவில்லை என்றதும் அவன் குரல் மாறியது. மேலாளராகச் சொல்கிறேன், இன்றைக்குக் கல்லூரி கிடையாது, நேராக வேலைக்கு வந்து சேருங்கள் என்றான்.

வீட்டில் தம்பி, வேலையில் சார் என்பது அண்ணி தானே போட்டுக்கொண்ட சட்டம். அவன் வேலையைப் பேசினால் அவளும் வேலையைத்தான் பேசுவாள்.

"இன்னைக்கு எனக்கு காலேஜ் நாள், சார். நாளைக்கு ஷிஃப்டுக்கு வரேன்."

வைத்துவிட்டாள். கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தார். ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டார். அவனை இன்ஜினியராக்கத் தான் தையல் மிஷினில் உட்கார்ந்து முதுகு ஒடிந்த கதையை இன்னொரு தடவை சொன்னார். அந்தக் கதை பொய்யில்லை, அதனால் அண்ணி எப்போதும் அதைக் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்வாள். அன்றைக்கும் கேட்டாள். கேட்டு முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவளுடைய கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். கல்லூரி வழியாகப் போகிற தடம் அவனுடையது. வீட்டில் அவன் இருந்தால் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்துவிட்டால் வாயில் பசை தடவினது மாதிரி ஆகிவிடுவான். முன் இருக்கையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அவன் பைக்குள் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. சந்தை நிறுத்தத்தில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அங்கே இறங்கிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

சாவியைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னான். இந்த நடை முடிந்ததும் தானே கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுத்துவிடுவதாகவும், அவள் பாட்டுக்குக் கல்லூரிக்குப் போகலாம், அவனுக்கும் இயந்திரம் ஓடிவிடும், யாருக்கும் சண்டையில்லை என்றும் சொன்னான். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரு நிமிடம் அண்ணியின் கை கழுத்து நாடாவுக்குப் போயேவிட்டது. நேர்காணலுக்கு நிம்மதியாகப் போகலாம், வீட்டிலும் நல்ல பேர். அப்புறம் சிட்டுவின் கை நினைவுக்கு வந்தது. மோதிரம் போட்ட, வயதுக்கு மீறிக் காய்த்துப்போன கை.

"பிரேக் பிடிக்காத பஸ்ஸை, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டுங்கன்னு டிப்போல சொன்னா நீங்க எடுப்பீங்களா?"

அது வேறே என்றான். வேறே இல்லை என்பது அவனுக்கும் தெரியும். வண்டியை எடுத்தான்.

கல்லூரி நிறுத்தத்தில் அவள் இறங்கும்போது, "எனக்கு அவனும் வேணும்," என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். போய் நல்லபடியாகச் செய்துவிட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் வழி முழுக்க எதிர்பார்த்திருந்தாள். சொல்லவில்லை. பேருந்து போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். வலித்தது. பிறகு, சரி, அழுவதற்குச் சாயங்காலம் நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று உள்ளே நடந்தாள்.

கல்லூரி நடைபாதையில் மற்ற அப்ரண்டிஸ்கள் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். அச்சகத்திலிருந்து ஒருவன், பால் பண்ணையிலிருந்து இரண்டு பேர், லிஃப்ட் பழுது பார்க்கிற ஒரு பெண். அவர்கள் வாயில் ஒரே பேச்சு. இதுவரை ஒரு பெஞ்சுக்கு ஆள் எடுத்தார்கள், இனிமேல் ஒரு கூடமே நிறையும்படி இடங்களை அதிகமாக்கப் போகிறார்களாம். முதலாளிகள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. அவசர வேலை வந்தால் கல்லூரி நாளிலும் ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்களாம்.

ஒத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்றாள் லிஃப்ட்காரப் பெண். இடமே இல்லாமல் இருப்பதற்கு இது மேல், வாயை மூடிக்கொண்டு முதலில் உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்றாள். இன்றைக்குக் காலையிலேயே அந்த நிபந்தனை அண்ணியின் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டது என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது?

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ஆய்வுக்கூடத்தை ஒட்டிய அறை, கண்ணாடிக் கதவு, புதுச் சுண்ணாம்பு வாசனை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் பேராசிரியை. ஒரு பக்கம் குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர், ஐஸ்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். மறுபக்கம் அண்ணியின் சொந்த முதலாளியம்மா. ஒரு தகரக் கொட்டகையில் ஒற்றை இயந்திரத்தோடு தொடங்கித் தொழிற்சாலையாக்கியவர், கண்டிப்பானவர். அண்ணியை இந்தப் படிப்புக்கு முதலில் அனுப்பி வைத்தவரும் அவர்தான். இப்போதும் அவர் சம்மதித்தால்தான் அண்ணிக்கு இடம்.

அச்சைச் சூடாக்கும் ஹீட்டர் கெட்டுப்போவதற்கு முன்பே எச்சரிக்கிற ஓர் ஏற்பாட்டை அண்ணி செய்திருந்தாள். அதைப் பற்றிக் கேட்டார்கள், நன்றாகவே சொன்னாள். பிறகு பேராசிரியை, வெப்பம் ஏறுகிற வேகத்தைக் கண்டுபிடிக்கிற ஒரு கணக்கைப் பலகையில் எழுதி, போடச் சொன்னார். அண்ணி பலகையைப் பார்த்தாள், பலகையும் அவளைப் பார்த்தது. பாதி வரை தைரியமாகப் போனாள். அதற்கு மேல் வழி தெரியவில்லை.

"மீதி தெரியல மேடம். தெரிஞ்சிருந்தா இங்க எதுக்கு வரப்போறேன்? சொல்லிக்குடுங்க, கத்துக்கறேன்."

பேராசிரியை சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதைக் குறித்தாரா கெட்டதையா என்று தெரியவில்லை.

அப்புறம் முதலாளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து நிபந்தனைக்கு வந்தார். சம்பளமும் கொடுத்து, வாரத்தில் ஒரு நாளையும் கொடுக்கிறோம், அவசரத்துக்குக் கூப்பிட்டால் வருவதில் என்ன கஷ்டம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அண்ணி பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓர் ஆள் தெரிந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, முடி கலைந்திருந்தது. தம்பி சார்.

முதலாளியம்மா உள்ளே இருப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அண்ணியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று வந்தவன். நழுவப் பார்த்தான், அதற்குள் அவர் கண்ணில் பட்டுவிட்டான். லாரி கிளம்புகிற நாளில் மேலாளர் இங்கே என்ன செய்கிறார் என்று உள்ளே அழைத்துக் கேட்டார். இயந்திரம் பூட்டிக் கிடக்கிறது என்று முனகினான். யார் பூட்டு என்று அவர் கேட்டதற்கு, அவன் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

"என் பூட்டுதான், மேடம்," என்றாள் அண்ணி.

"திறந்து விட்டுட்டு வாங்க. அப்புறம் மீதியப் பேசலாம்."

"கதவு ஸ்விட்ச் செத்துப்போச்சு. புது ஸ்விட்ச் போட்டா திறப்பேன்."

முதலாளியம்மா சும்மா முதலாளியம்மா ஆகிவிடவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்விட்ச் செத்த இயந்திரம் பூட்டு மாட்டுகிற வரைக்கும் எப்படி ஓடியது என்று மெதுவாகக் கேட்டார்.

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது. தப்பை மறைக்கும்போது சின்ன வயதிலும் அவனுக்கு அப்படித்தான் சிவக்கும். கம்பியை முறுக்கியது யார் என்று அந்த நொடியில்தான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவளுக்கு அவன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, இவன் பெயரை மட்டும் சொல்லிவிட்டால் தனக்கு இடம் கிடைத்துவிடும் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது.

"பூட்டினது நான். அதப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க, பதில் சொல்றேன். மத்தத ஓட்டினவங்களக் கேட்டுக்கோங்க."

முதலாளியம்மா கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அப்போது லாரிதான் பெரிதாக இருந்தது. ஒரே பேச்சாகச் சொன்னார். இப்போதே கிளம்பிப் போய்த் திறந்துவிட்டால் அண்ணியின் இடத்துக்கு இங்கேயே சம்மதம் சொல்லிவிடுகிறேன். கூப்பிட்டால் வராத ஆளை மேலே படிக்க வைக்க முடியாது.

அப்போதுதான் ஐஸ்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். அவர்களுக்கு வேண்டாமென்றால் நீங்கள் என் கிடங்குக்கு வந்துவிடுங்கள் அம்மா, படிப்பையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கசிந்தால் ஆளையே கொல்லும் அமோனியாக் குழாயோடு குடித்தனம் நடத்துகிறவன் நான், பூட்டினால் பூட்டினபடி இருக்கிற ஆளை வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னார். முதலாளியம்மா அவரை முறைத்த முறைப்பில் அமோனியாவே உறைந்திருக்கும்.

வேறு யாராவது இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அவர் பின்னாலேயே போயிருப்பார்கள். அண்ணிக்கோ பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து ஒவ்வொருவரும் அவளைப் பிடித்து இழுத்தாகிவிட்டது.

"நான் ஏலத்துக்கு வந்த பழைய மோட்டார் இல்ல சார்," என்று அவரிடம் சொல்லிவிட்டு முதலாளியம்மாவிடம் திரும்பினாள். "ஆள் இல்ல ஆள் இல்லன்னு எல்லாரும் சொல்றீங்க. ஆளாகறதுக்கு நாங்க வாரத்துல ஒரு நாள் கேக்கறோம். அவசரம்னா அந்த நாள் போயிடும்னு சொல்றீங்க. நம்ம தொழிற்சாலைல என்னைக்கு மேடம் அவசரம் இல்லாம இருந்திருக்கு? இடத்தக் கூட்டி என்ன பண்றது, பெஞ்சு காலியாத்தான் கிடக்கும்."

மேலும் சொன்னாள். தன் தொழிற்சாலையை விட்டுப் போக அவளுக்கு ஆசை இல்லை. கல்லூரி நாளில் யாரும் கை வைக்க மாட்டோம் என்று முதலாளிகள் எல்லா இடங்களுக்கும் சேர்த்து ஒத்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் அவள் ஐஸ்காரரிடமே போய்விடுவாள், வெளியே நிற்கிறவர்களையும் கூட்டிக்கொண்டுதான் போவாள். எல்லாரையுமா என்று ஐஸ்காரர் கொஞ்சம் பயந்துபோய்க் கேட்டார். எல்லாரையும்தான் என்றாள் அண்ணி.

முடிவைச் சாயங்காலம் சொல்லி அனுப்புவதாகப் பேராசிரியை சொன்னார். முதலாளியம்மா எழுந்து, தம்பி சாரைத் தன் காரில் ஏறச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அவன் பின்னாலேயே போனான். அண்ணி கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். வாய் எங்கிருந்து அவ்வளவு பேசியது என்று அவளுக்கே புரியவில்லை. முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, மதிய வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அந்தப் பாதிக் கணக்கின் மீதியைப் பேராசிரியையிடம் கேட்டு வாங்கி, வகுப்பு முடிவதற்குள் போட்டும் முடித்தாள்.

பேராசிரியையின் அழைப்பு அண்ணி வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது வந்தது. இடங்களை அதிகமாக்க எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கல்லூரி நாளில் யாரையும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. முதலில் சம்மதித்தவர் ஐஸ்காரர், கடைசியாகச் சம்மதித்தவர் முதலாளியம்மா. அண்ணியின் இடம் அவளுடைய சொந்தத் தொழிற்சாலையின் பெயரிலேயே உறுதியாகிவிட்டது.

அண்ணி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் ஒதுக்கிவைத்த அழுகையை இப்போது அழுதாள், ஆனால் அது வேறு அழுகை. பணி முடித்து வந்த கணவன் என்ன ஏது என்று பதறினான். சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. பெருமையாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் தெருக்கதவு படாரென்று திறந்தது.

தம்பி உள்ளே வந்தான். யாரையும் பார்க்காமல் போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். மாமியார் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, லாரி கிளம்பியதா என்று கேட்டார். கிளம்பவில்லை என்றான். முதலாளியம்மா தானே பாட்டில் கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு நாள் தவணை வாங்கியிருக்கிறார். அதை அவரால் காலையிலேயே வாங்கியிருக்க முடியும், கேட்கத்தான் இவனுக்கு வாய் வரவில்லை. அப்புறம் இன்னொன்றும் சொன்னான். மேலாளர் பதவி போய்விட்டது. நாளையிலிருந்து அவன் தளத்தில் சாதாரண இன்ஜினியர்.

மாமியார் அப்படியே திரும்பி அண்ணியைப் பார்த்தார்.

"போட்டுக் குடுத்துட்டியா?"

"அண்ணி சொல்லலம்மா. கடைசி வரைக்கும் என் பேர எடுக்கல." அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினான். "கார்ல அந்த அம்மா ஒரே ஒரு தடவதான் கேட்டாங்க. கம்பி கட்டினது நான்தான்னு நானே சொல்லிட்டேன்."

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவனுக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. காலையில் அண்ணி சாவியைக் கொடுத்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது என்றான்.

"காலைல குடுத்திருந்தா சாயங்காலம் சிட்டு எப்படி வீட்டுக்குப் போயிருப்பான்னு யோசிச்சியாடா?" என்றாள் அண்ணி.

அவன் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மாமியாருக்குச் சிட்டுவைத் தெரியாது, தன் பிள்ளையைத்தான் தெரியும். முதுகொடியத் தைத்துத் தைத்துக் கட்டிய நாற்காலி ஒரே நாளில் போய்விட்டதே என்று கண்ணீர் விட்டார். அழுது முடித்ததும் ஒரு வழி கண்டுபிடித்தார். இனிமேல் முதலாளியம்மாவுக்கு அண்ணிதான் முக்கியம், அண்ணி கேட்டால் அந்த அம்மா தட்ட மாட்டார். நாளைக் காலையில் முதல் வேலையாக அண்ணி போய், எனக்குப் படிப்பு வேண்டாம், என் கொழுந்தனுக்குப் பதவியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும்.

அண்ணியின் கணவன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான். தொழிற்சாலையில் அப்படியெல்லாம் மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தான். அவர் காதில் விழவில்லை. மருமகளுக்கு நேராக வந்து நின்றார்.

"உனக்கு அந்த சீட் வேணுமா, இந்த வீடு வேணுமா? நாளைக்குள்ள யோசிச்சு சொல்லு."

அண்ணிக்கு மாமியாரின் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. அந்த முதுகு ஒடிந்தது உண்மை, அந்தக் கண்ணீரும் உண்மை. நாளைக் காலையில் புது ஸ்விட்சைப் போட்டு, தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே பூட்டைத் திறக்க வேண்டும், அவனுக்காக முதலாளியம்மாவிடம் பேசவும் வேண்டும் என்று அவள் ஏற்கெனவே நினைத்திருந்தாள். பேசுவாள், ஆனால் தன் இடத்தை விலையாக வைத்துப் பேச மாட்டாள்.

"நாளைக்கு எதுக்கு அத்தை, இப்பவே சொல்றேன். ரெண்டும் வேணும். அந்த சீட்டும் என்னுது, இந்த வீடும் என்னுது."

மாமியார் மகனைப் பார்த்தார். நீ என்னடா சொல்கிறாய் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, பார்வையாலேயே கேட்டார். அவன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

அவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குக் காலையிலிருந்து பசி. அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் தானே பரிமாறிக்கொண்டு, மேஜையில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.